வேகத்தைக் கருவி சொல்லும், ஓட்டியவர் யார்?

கோவில்பட்டியிலிருந்து தெற்கே கயத்தாறு நோக்கிச் செல்லும் நான்கு வழிச் சாலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருபுறமும் கரிசல் நிலம். நெடுந்தூரத்திற்கு வளைவே இல்லை. இத்தகைய சாலையில் வண்டி ஓட்டுபவருக்குத் தம் வேகம் தெரிவதில்லை. அருகில் மரமோ வீடோ இருந்தால்தான் அவை பின்னோக்கி ஓடுவதைக் கொண்டு வேகத்தை உணர முடியும்.

தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் வண்டியை அவருடைய மைத்துனர் இச்சாலையில் ஓட்டிச் சென்றதாகக் கொள்வோம். பலகையில் எழுதிய வரம்பு 80 கி.மீ.; வண்டி சென்றதோ 108 கி.மீ. சில நாட்களில் அபராதச் சீட்டு அண்ணாச்சியின் பெயருக்கு வருகிறது. அவரோ அன்று கடையைவிட்டு நகரவே இல்லை! இது நியாயமா?

மாணவ நண்பர்களே, இதற்கு விடை காண மூன்று கேள்விகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு வேகம்? எந்த வண்டி? யார் ஓட்டினார்? முதல் கேள்விக்குப் பௌதிகம் விடை தருகிறது. மற்றவற்றிற்கு அது மட்டும் போதாது.

எவ்வளவு வேகம்?

ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கீச்சென்றும், கடந்து சென்றபின் தணிந்தும் கேட்கிறது. இதன் காரணத்தை 1842-இல் விளக்கியவர் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர். அலை பிறக்குமிடம் நம்மை நெருங்கினால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும்.

காவலரின் ரேடார் கருவி ஒலிக்குப் பதிலாக நுண்ணலைகளை அனுப்புகிறது. அவற்றின் அதிர்வெண் வினாடிக்கு சுமார் 2,400 கோடி என்க. எதிரே வரும் வண்டி அலைகளைச் சந்திக்கும்போது ஒரு முறையும், அவற்றைத் திருப்பி அனுப்பும்போது மறு முறையும் அதிர்வெண் கூடுகிறது. ஆகவே,

அதிர்வெண் மாற்றம் = 2 × வண்டியின் வேகம் × அலையின் அதிர்வெண் ÷ ஒளியின் வேகம்

108 கி.மீ. என்பது வினாடிக்கு 30 மீட்டர். ஒளியின் வேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். 2,400 கோடியை 30 கோடியால் வகுத்தால் 80. எனவே மாற்றம் 2 × 30 × 80 = 4,800 ஹெர்ட்ஸ். மூல அதிர்வெண்ணில் இது ஐம்பது லட்சத்தில் ஒரு பங்குதான். ஆயினும், சென்ற அலையையும் திரும்பிய அலையையும் கலந்தால் இவ்வேறுபாடு விம்மலாகத் தனித்து வெளிப்படுகிறது. அதை எண்ணிவிடலாம்.

கருவி சாலைக்கு நேராக இல்லாமல் ஓரத்தில் சாய்வாக இருந்தால் என்ன ஆகும்? 20 பாகைக் கோணத்தில் வேகத்தின் 0.94 பங்கே கருவிக்குத் தெரியும். 108 கி.மீ. வேகம் 101.5 என்று பதிவாகும். இந்தப் பிழை ஓட்டுபவருக்குச் சாதகமானது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு இங்கே நினைவுகூரத்தக்கது. "வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது" என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் கொண்டு ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. அந்தக் கணிப்பு ஒரு கருவியின் அளவீட்டைச் சார்ந்திருக்க வேண்டும் என்கிறது அது. கண்ணை நம்பாதே, அளந்து பார் என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது!

எந்த வண்டி?

ரேடார் கற்றை நூல்போல் நேராகச் செல்வதில்லை. 10 பாகை விரியும் கற்றை 100 மீட்டர் தொலைவில் சுமார் 17 மீட்டர் அகலமாகிவிடும். அருகருகே ஒரு லாரியும் காரும் வந்தால், லாரியிலிருந்து வரும் எதிரொலிப்பே வலுவாக இருக்கலாம். எனவே புகைப்படம் தேவைப்படுகிறது. சீட்டில் வேக அளவீடு, எண் பலகை தெரியும் படம், நாள், நேரம், இடம் ஆகியவை இருக்க வேண்டும் என்று 2021-இல் வந்த மத்திய விதி 167ஏ கூறுகிறது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றும் வேண்டும்.

ஆகவே சீட்டு வந்தவுடன் கோபப்படாமல் படத்தைப் பார்க்க வேண்டும். எண் நம்முடையதுதானா? வண்டியின் நிறமும் வகையும் பொருந்துகின்றனவா? 3-ஐ 8 என்று கருவி படித்திருக்கலாம். வேறொருவர் போலி எண் மாட்டியிருக்கவும் கூடும்.

யார் ஓட்டினார்?

இங்கே பௌதிகம் கைவிரித்துவிடுகிறது. நுண்ணலைக்கு அண்ணாச்சியும் மைத்துனரும் ஒன்றே. எண் பலகையிலிருந்து கிடைப்பது பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயர்தான்.

இந்த இடைவெளியைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு நிரப்புகிறது. அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால், ஓட்டியவரின் பெயர், முகவரி, உரிமம் பற்றித் தமக்குத் தெரிந்ததையும், முயன்றால் தெரிந்துகொள்ளக் கூடியதையும் சொந்தக்காரர் சொல்லியாக வேண்டும். சொல்ல மறுப்பது தனிக் குற்றம். தெரிந்தே வேக வரம்பை மீற விட்டாலும் சொந்தக்காரருக்குப் பங்கு உண்டு. எனவே, அண்ணாச்சி சீட்டைக் கிழித்துப் போடாமல், இ-சலான் இணையதளத்திலோ போக்குவரத்துக் காவல் பிரிவிலோ உண்மையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. வண்டியை இரவல் கொடுக்கும்போது யார், எப்போது எடுத்தார் என்று குறித்து வைப்பது நல்லது.

"யாரோ ஓட்டினார்" என்று பொய் சொன்னால்? ஆஸ்திரேலியாவில் மார்கஸ் ஐன்ஃபெல்ட் என்ற முன்னாள் நீதிபதி 2006-இல் 77 டாலர் அபராதத்தைத் தவிர்க்க, தம் காரை ஒரு பெண்மணி ஓட்டியதாகச் சத்தியம் செய்தார். அவர் பெயர் சொன்ன பெண்மணியோ 2003-இலேயே இறந்துவிட்டவர்! 2009-இல் அந்த முன்னாள் நீதிபதி சிறை சென்றார்.

உங்களுக்கு ஒரு சொல்

ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவராக இருந்தால் கணக்கே வேறு. 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டிச் சொந்தக்காரரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்து. ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டிய எல்லா முயற்சியும் செய்ததாகவோ சொந்தக்காரர்தாம் மெய்ப்பிக்க வேண்டும். அப்பாவின் மோட்டார் சைக்கிள் சாவியை எடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 80-க்கும் 108-க்கும் வேறுபாடு 28 தானே என்று எண்ணாதீர்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப மாறும். 108 ÷ 80 = 1.35, அதன் இருமடி சுமார் 1.8. பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தொலைவும் ஏறக்குறைய அவ்வளவு மடங்கு கூடும். ஆட்டு மந்தையுடன் சாலையைக் கடக்கும் ஒருவருக்கு, வண்டியை ஓட்டியவர் அண்ணாச்சியா மைத்துனரா என்பதில் வேறுபாடு இல்லை.

நீங்களே கணக்கிடுங்கள்

1. மேற்சொன்ன ரேடாரில் அதிர்வெண் மாற்றம் 3,200 ஹெர்ட்ஸ். வண்டியின் வேகம் மணிக்கு எத்தனை கி.மீ.?

2. ஒரு வண்டி காலை 10.15-க்கு ஓரிடத்தில் வேகமாகச் சென்றதாகச் சீட்டு வருகிறது. அதே வண்டியின் பாஸ்டேக் பதிவு, 40 கி.மீ. தள்ளியுள்ள சுங்கச் சாவடியை அது 10.20-க்குக் கடந்ததாகக் காட்டுகிறது. என்ன முடிவுக்கு வருவீர்கள்?

விடைகள்: 1. வினாடிக்கு 20 மீட்டர். அதாவது மணிக்கு 72 கி.மீ. 2. தேவையான வேகம் மணிக்கு 480 கி.மீ. இது நடவாத செயல். எண் தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம், போலி எண்ணாக இருக்கலாம், அல்லது இரண்டில் ஒரு கடிகாரம் தவறாக இருக்கலாம். இந்தக் கணக்கையே எழுதி ஆட்சேபம் தெரிவிக்கலாம்.