இறுகிப்போன முன்சக்கரக் குடத்தைக் கழற்றும் முறை: பழைய ஜீப் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர், நல்ல பாதையில்லாத ஊர்களுக்கும் அலுவலரைக் கொண்டுபோய்ச் சேர்த்த வாகனம் ஜீப் ஆகும். பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் இவ்வண்டியை இணைத்து உருவாக்கினர். அப்பழைய அமைப்பில் வந்த வண்டிகள் இன்றும் சில தோட்டங்களிலும் மலைச்சரிவுகளிலும் உழைத்து வருகின்றன. ஆட்களையும் விளைபொருளையும் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும் வண்டியில் சக்கரத்தின் உட்பகுதி பழுதுபட்டிருந்தால், அது வெறும் பணச்செலவோடு முடியும் குறை அன்று; உயிருக்கே ஆபத்து. ஆகவே குடத்தைக் கழற்றிப் பார்த்து மசகிடும் வேலையை வண்டி வைத்திருப்போர் அறிந்திருத்தல் நலம்.

குடத்தின் அமைப்பு

மாட்டுவண்டியின் சக்கரத்திற்குக் குடமும் அச்சும் கடையாணியும் இருப்பதை யாவரும் அறிவர். ஜீப்பின் முன்சக்கரத்திலும் ஏறத்தாழ அதே முறைதான். கடையாணி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பெரிய நட்டுகளும், அவற்றிற்கிடையே மடக்கிவிடும் பூட்டு வாஷரும் உள்ளன. குடம், உள்ளும் புறமுமாக இரண்டு பேரிங்குகளின் மேல், ஸ்பிண்டில் எனப்படும் குழல் வடிவான அச்சுமுனையில் சுழல்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது இந்த ஸ்பிண்டிலே. அதன் நடுவே ஓடும் தண்டு, எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்திற்குக் கொடுப்பதோடு சரி. தண்டையும் குடத்தையும் இணைப்பது 6 போல்ட்டுகள் கொண்ட வெளித்தட்டு.

இறுகுவதற்குக் காரணம்

ஓடைகளைக் கடக்கையில் தேய்ந்த ஆயில் சீல் வழியே சேற்றுநீர் உட்புகுகிறது. கிரீஸ் கரைந்து துரு ஏறுகிறது. வண்டி பல மாதங்கள் ஓடாமல் நின்றால், பேரிங்கின் உள்வளையம் ஸ்பிண்டிலோடு ஒட்டிக்கொள்கிறது. குடம் வரவில்லை என்றவுடன் சம்மட்டியை எடுப்போர் பலர். அடியினால் பேரிங் நொறுங்கும். டிரம் விரிசல் விடும். ஸ்பிண்டிலின் மரை கெடும். ஆதலின், எது பிடித்திருக்கிறது என்று கண்டறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

முன்னேற்பாடு

சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவும். கைப்பிரேக்கை மட்டும் நம்பலாகாது. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்று இளக்கிக்கொள்க. பழைய ஜீப்புகள் சிலவற்றில் இடப்பக்க நட்டுகள் இடமரை உடையவை. அவற்றை எதிர்ப்புறமாகத் திருப்பவேண்டும். போல்ட்டின் முனையில் ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்து உண்டா என்று முதலில் பார்க்கவும். ஜாக்கியால் தூக்கியபின், அச்சின் கீழே உறுதியான இரும்புத் தாங்கியை வைக்கவும். செங்கல் அடுக்குதல் கூடாது. அது பாரத்தில் திடீரென நொறுங்கிவிடும்.

கழற்றும் வரிசை

1. சக்கரத்தை எடுத்துவிட்டு, நடுவிலுள்ள மூடியை நெம்பி எடுக்கவும். தண்டின் முனையில் உள்ள சர்கிளிப் அல்லது நட்டை அகற்றவும்.

2. வெளித்தட்டின் 6 போல்ட்டுகளையும் கழற்றவும். தட்டு ஒட்டியிருந்தால் புல்லர் கொண்டு இழுக்கவும். தட்டின் பின்னே மெல்லிய ஷிம்கள் இருப்பின், எண்ணிக்கை மாறாமல் பத்திரப்படுத்துக.

3. பூட்டு வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, வெளிநட்டு, வாஷர், உள்நட்டு என்ற வரிசையில் எடுக்கவும். இதற்கென்று குழாய் வடிவான பெரிய ஸ்பேனர் உண்டு. உளி வைத்து அடித்து நட்டைத் திருப்புதல் பெருந்தவறு.

இவ்வளவில் குடம் கையோடு வந்துவிடவேண்டும். வராவிடில் கீழ்க்கண்டவாறு சோதிக்கவும்.

எது பிடித்திருக்கிறது?

குடம் சுழலவே இல்லையெனில், முதலில் பிரேக்கைச் சந்தேகிக்கவும். பின்தட்டில் உள்ள சரிப்படுத்தும் ஆணிகளைத் திருப்பிப் பிரேக் ஷூக்களைத் தளர்த்துக. அப்போதும் இளகாவிடில், காற்று நீக்கும் திருகைச் சிறிது திறந்தால், குழாயில் அடைபட்ட அழுத்தம் நீங்கும். ஷூ தளர்ந்தும் குடம் அசையாவிடில், பேரிங்கே பிடித்திருக்கிறது.

குடம் சுழன்றும் வெளியே வராவிடில், காரணம் இரண்டு. டிரம்மின் விளிம்பில் தேய்மானத்தால் உண்டான மேடு ஷூவில் மாட்டியிருக்கலாம்; ஷூவை இன்னும் தளர்த்தினால் தீரும். அன்றேல், உள்பேரிங்கின் வளையம் ஸ்பிண்டிலோடு ஒட்டியிருக்கிறது.

பேரிங் ஒட்டியிருப்பின், துரு இளக்கும் எண்ணெயை ஸ்பிண்டிலைச் சுற்றி விட்டு ஓர் இரவு ஊறவிடவும். பின்னர் உள்நட்டைச் சில மரை மட்டும் திரும்ப ஏற்றி வைக்கவும். குடம் திடீரென்று கழன்று காலில் விழாமல் அது காக்கும். சக்கரத்தைத் திரும்ப மாட்டி, மேலும் கீழும் இரு கைகளால் பற்றி, மாறி மாறி வெளிப்புறமாக இழுத்து அசைத்தால், குடம் சிறிது சிறிதாக நகர்ந்து வரும். இதற்கும் மசியாவிடில், சக்கர போல்ட்டுகளில் புல்லரைப் பொருத்துக. அதன் நடுத்திருகு தண்டின் முனையை அழுத்தலாகாது. உள்ளே உள்ள இணைப்புக்குக் கேடு வரும். தண்டைச் சுற்றி அமரும் தடித்த குழாய்த்துண்டை ஸ்பிண்டிலின் முகத்தில் வைத்து, அதன்மேல் அழுத்துக. சிறிது இறுக்குதல், காத்திருத்தல், மீண்டும் இறுக்குதல் என்பதே முறை. திருகுக்கு நேரெதிரே எவரும் நிற்கவேண்டாம். எண்ணெய் ஊறிய இடத்தில் தீச்சுடர் காட்டுதல் அறவே கூடாது.

குடம் வந்து, உள்வளையம் மட்டும் ஸ்பிண்டிலில் தங்கிவிட்டால், அதனைப் பட்டறையில் கொடுத்து அறுத்தெடுக்கச் செய்க. வளையம் மிகக் கடினமான எஃகு. தெறிக்கும் துணுக்கு கண்ணைக் கெடுக்கும்.

திரும்பப் பூட்டுகையில்

பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூள் நுரையீரலுக்குத் தீங்கு. காற்றால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்தவும். எண்ணெய் பட்ட லைனிங் பிரேக்கைப் பிடிக்கவிடாது. அதனை மாற்றியே தீரவேண்டும். பள்ளமோ நீலம் பாய்ந்த தழும்போ உள்ள பேரிங்கை, வெளிவளையத்தோடு சேர்த்து மாற்றுக. ஆயில் சீலையும் புதிதாகப் போடவும்.

உருளைகளுக்கிடையே கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி நிரப்பவும். குடத்தைச் சுழற்றிக்கொண்டே உள்நட்டை இறுக்கி, சுழற்சி தடைப்பட்டவுடன் ஆறில் ஒரு பங்கு சுற்று பின்னுக்குத் தளர்த்துக. குடம் தாராளமாகச் சுழலவேண்டும். ஆட்டம் இருத்தல் கூடாது. பூட்டு வாஷரை மடக்க மறவற்க. தளர்த்திய பிரேக்கை மீண்டும் சரிப்படுத்தி, திறந்த திருகை மூடி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றவும். ஆளேற்றாமல் சில கிலோமீட்டர் ஓட்டிப்பார்த்து, பிரேக்கைத் தொடாமல் மெல்ல வண்டியை நிற்கவிட்டு, குடத்தருகே கைவைத்துப் பார்க்கவும். மிகச் சூடாயிருந்தால் நட்டு இறுக்கமாக உள்ளது என்று அறிக.

ஊராட்சிக்கோ கூட்டுறவுச் சங்கத்திற்கோ இத்தகைய வண்டி இருப்பின், மழைக்காலம் முடிந்தவுடன் நான்கு குடங்களையும் திறந்து பார்த்து, தேதியைக் குறித்துவைக்கும் வழக்கத்தை உறுப்பினர்கள் ஏற்படுத்தலாம். ஆண்டுதோறும் கிரீஸ் காணும் குடம் இறுகுவது அரிது.