கட்டத்தாளும் கோபுரக்கரையும்

காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக்கு உருவரை தீட்டுவோர் முதலில் நாடுவது கட்டத்தாளை. அதன் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தைக் குறிக்கும். அதைப் பார்த்தே அட்டையில் துளையிடுவர். துளையுள்ள இடத்தில் ஜக்கார்டு பொறி பாவிழையை உயர்த்தும். ஒரு கட்டம் பிழைத்தால், அவ்வுரு வருமிடந்தோறும் அப்பிழையும் வரும். பட்டும் சரிகையும் வீணாகும்.

சேலையின் இருபுறமும் உள்நோக்கிக் கூர்ந்து நிற்கும் கோபுரக்கரையைக் கணக்கின் கண்கொண்டு பாருங்கள். சேலையின் நடுக்கோட்டை x அச்சாகக் கொள்வோம். கீழ்க்கரையின் ஒரு கோபுரம் y = −|x| − 5; இதில் x இன் மதிப்பு −3 முதல் 3 வரை. இதனை x அச்சில் பிரதிபலித்தால் மேற்கரைக் கோபுரமாகிய y = |x| + 5 கிடைக்கும்.

அடுத்த கோபுரம் வலப்புறம் 6 அலகு தள்ளி நிற்கிறது. அதன் சமன்பாடு y = −|x − 6| − 5. வலப்புறம் நகர்த்தக் கழித்தல் குறியா என்று மாணவர் பலர் இங்கே தடுமாறுவர். கோபுரமுனை மட்டுமதிப்பு சுழியாகும் இடத்தில் அமையும்; x = 6 எனும்போதே அது சுழியாகிறது.

ஆஸ்திரியாவின் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் வரைகணிப்பானில் இச்சமன்பாடுகளை உள்ளிடுங்கள். 6க்கு மாற்றாக h என எழுதினால், அதனை மாற்றும் நழுவி திரையில் தோன்றும். ஒவ்வொரு கோபுரத்தின் அடியும் 6 அலகு அகலமுடையது. எனவே h = 5 எனில் அடுத்தடுத்த கோபுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்; h = 7 எனில் இடையே ஓர் அலகு வெற்றிடம் விழும்.