ஆறு வாரமாகக் குறையாத உப்புசம்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. போனில் பள்ளிக்கூடம், பையனின் பிளஸ் டூ, வீட்டுக் கடன் எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகும்போதுதான் அந்தப் பேச்சை எடுத்தாய். "ஆறு வாரமா வயிறு உப்பலாவே இருக்கு பெரியம்மா, கேஸ் மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன், ரெண்டு இட்லிக்கு மேல இறங்கலை" என்றாய். நான் கேள்வி கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம். இந்த வாரத்துக்குள் ஒரு நாள் லீவு போட்டு டாக்டரைப் பார். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதே.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. வயிறு உப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானதுதான். மொச்சை, கொண்டைக்கடலை, பருப்பில் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காது. அவை பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகும். வளர்ந்த பிறகு பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம் பக்கம் ஏராளம், அவர்களுக்கும் இப்படித்தான். மலச்சிக்கல், தைராய்டு குறைவு, சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் என்று இன்னும் பல காரணம் உண்டு. ஆனால் இந்த மாதிரி உப்புசம் ஏறும், இறங்கும். காலையில் வயிறு தணிந்திருக்கும், மாலையில் ஊதும். வாயு பிரிந்தால், வெளிக்குப் போனால் லேசாகும். சாப்பாட்டை மாற்றினால் குறையும்.

நீ சொன்னது அப்படி இல்லை. மாத்திரை போட்டும் குறையவில்லை. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது. பெண்கள் வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு மனசு நிற்காது. இவற்றோடு அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி சிறுநீர் போக வேண்டும் என்ற அவசரம், இந்த நான்கும் சினைப்பைப் புற்றுநோயின் அடையாளங்களாக இருக்கலாம். உனக்குச் சிறுநீர் அவசரம் இருக்கிறதா என்று நீயே கவனித்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போக வசதியில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பழக்கம் டீச்சர்களுக்கு உண்டு. யோசித்துப் பார்.

அந்த நோய் அடையாளமே காட்டாமல் வரும் என்பார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடையாளம் காட்டுகிறது, அது வாயுத் தொல்லை போலவே இருப்பதால் வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை. பெருங்காயம், சுக்கு, ஜெலுசில் என்று மாதங்கள் ஓடி, வயிற்றில் நீர் கோத்த பிறகு வந்து சேர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். முகமும் கையும் மெலிந்திருக்கும், பாவாடை நாடா மட்டும் எட்டாது. இங்கிலாந்தில் 2011-இல் வந்த மருத்துவ வழிகாட்டுதல், இந்த அடையாளங்கள் விடாமல் இருந்தாலோ மாதத்தில் 12 முறைக்கு மேல் வந்தாலோ பெண்ணுக்குப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும் என்கிறது. உனக்கு 47, அதை நெருங்கிவிட்டாய். "மாதவிடாய் நிக்கிற வயசு, அதான்" என்று உன் அம்மா சொல்லலாம். அதை டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இன்னொன்று. போன வருஷம் பாப் ஸ்மியர் எடுத்து நார்மல் என்று வந்ததை நினைத்துத் தைரியமாக இருக்காதே. அது கருப்பை வாய்க்கான சோதனை. சினைப்பையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உன் அப்பாவின் தங்கைக்குச் சின்ன வயதிலேயே மார்பில் புற்றுநோய் வந்ததே, அதை டாக்டரிடம் மறக்காமல் சொல். அம்மா வழியைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்து அப்பா வழியை விட்டுவிடுகிறார்கள். மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வர வழிசெய்யும் மரபணு மாற்றம் இரண்டு வழியிலும் வரும்.

டாக்டரிடம் "கேஸ் டிரபிள்" என்று ஆரம்பிக்காதே. அப்படிச் சொன்னால் கேஸ் மாத்திரைதான் எழுதுவார். "ஆறு வாரமா தினமும் இருக்கு, குறையவே இல்லை, சாப்பிட முடியலை" என்று சொல். எடை குறைந்திருந்தால் அதையும் சொல். வயிறு, அடிவயிறு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே எடுக்கிறார்கள். உள்வழியாக எடுக்கும் ஸ்கேன் தேவை என்றால் கூச்சப்படாதே, சில நிமிடத்தில் முடிந்துவிடும். கூடவே சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். அதன் அளவு 35-க்கு மேல் இருந்தால் உடனே கலங்கிப்போகாதே. ஃபைப்ராய்டு கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், மாதவிடாய் நாட்கள், வயிற்றில் வரும் காசநோய் எல்லாமே அதைக் கூட்டும். நம் நாட்டில் வயிற்றுக் காசநோய் புற்றுநோய் போலவே தோன்றி ஏமாற்றுவதுண்டு. அது மாத்திரையால் குணமாகிற நோய். அதேபோல் அளவு குறைவாக வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆரம்ப நிலையில் பாதிப் பேருக்கு அது கூடுவதே இல்லை. அதனால்தான் ஸ்கேனும் வேண்டும் என்கிறேன். தைராய்டும் ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்க்கச் சொல்.

ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்தால், பெரும்பாலான கட்டிகள் தீங்கில்லாதவை. சந்தேகமாக இருக்கிறது என்றால் மட்டும், ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கவோ, பக்கத்து நர்சிங் ஹோமில் அவசரமாக அறுவை செய்யவோ சம்மதிக்காதே. கட்டி உடைந்தால் உள்ளே பரவக்கூடும். பெண்களுக்கான புற்றுநோய் அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. நானே உன்னை அழைத்துப் போகிறேன்.

எல்லாம் நார்மல் என்று வந்து, உப்புசம் மட்டும் நிற்காவிட்டால் ஒரு மாதத்தில் திரும்பப் போ. ஒரு முறை போனதோடு விட்டுவிடாதே. இடையில் வாந்தி நிற்காமல், வாயுவும் மலமும் பிரியாமல், வயிறு கல் மாதிரி ஆகி வலித்தால் அன்று ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மலம் தார் போலக் கறுத்தோ ரத்தத்தோடோ போனாலும், கண் மஞ்சளித்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார். இரும்புச் சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கு மலம் கறுக்கும்; நீ போடுகிறாயா என்பதையும் சொல்.

வியாழக்கிழமை உனக்கு முதல் இரண்டு பீரியட் கிடையாது என்றாயே, அன்று போகலாம். மாப்பிள்ளையைக் கூட அழைத்துப் போ. அவருக்கு இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. ஸ்கேன் ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
பெரியம்மா