புதிய மண்ணில் முதல் பாடம்

அயல்நாடு செல்லும் நம் இளைஞர் தொடக்கத்தில் கலங்குவது இயல்பே. அதற்கு வடசென்னையிலேயே ஒரு பாடம் உண்டு. 1964-இல் பர்மாவில் வணிக நிலையங்கள் அரசுடைமையானபின், தமிழர் பல்லாயிரவர் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். எண்ணூர்ப் பகுதியிலும் குடியேறினர். பெரியோர்க்கு இது தாய்நாடு. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ அயல்நாடு.

1970களின் தொடக்கத்தில் நான் ஆசிரியப் பணி ஏற்றபோது, அவ்வாறு வந்த சிறுமி ஒருத்தி வகுப்பில் வாய் திறவாதிருந்தாள். மந்தபுத்தி என எண்ணிவிட்டேன். ஒருநாள் கரும்பலகையில் அவள் பெயரைப் பர்மிய எழுத்தில் எழுதச் சொன்னேன்; அதனருகே தமிழில் நான் எழுதினேன். அன்று முதல் பேசினாள். பிழை என்னுடையதே.

நாளை அவள் நிலையில் நீங்கள் இருப்பீர்கள். உங்கள் உணவு நெறியை முதல் நாளே கூசாமற் சொல்லுங்கள். அவர்கள் வழக்கத்தைப் பழிக்குமுன் அதன் காரணத்தைக் கேளுங்கள். பிறர் நோக்கிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு என்பதன்றோ நம் அநேகாந்தம்!