ஒரு வேலைக்குப் பல வழிகள்: ஆய்ந்து தேர்வது எவ்வாறு?

ஊருக்கு ஒரு சிறுபாலமோ, குடிநீர் வசதியோ, நெற்களமோ வேண்டுமென ஊராட்சி மன்றம் கூடும்போது நாம் பெரும்பாலும் காண்பது யாது? கூட்டம் தொடங்கும் முன்பே திட்டம் ஒன்று முடிவாகியிருக்கும். பக்கத்து ஊரில் கட்டியதைப் போலவே நமக்கும் வேண்டும் என்பார் ஒருவர், ஏனையோர் இசைவர். வேலை முடிந்து இரண்டு மழைக்காலம் சென்ற பின்னரே, வேறு வழியும் இருந்ததே என்ற எண்ணம் எழும். பணம் செலவான பிறகு வரும் அறிவினால் பயன் சிறிதே.

பொறியியல் வல்லுநர் கையாளும் முறை வேறு. தேவையை முதலில் தெளிவாக எழுதிக்கொள்வர். பின்னர் இயன்ற வழிகளையெல்லாம் தொகுப்பர். அதன் பிறகே தக்க காரணம் கண்டு ஒவ்வொன்றாகக் கழிப்பர். நம் ஊர்களில் நாம் காணும் அடிபம்பின் வரலாறே இதற்குத் தக்க சான்று.

அடிபம்பு தரும் பாடம்

1960களில் நேர்ந்த கடும் வறட்சிக்குப் பின், நம் நாட்டின் பாறை நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் பல தோண்டப்பட்டன. அவற்றின்மேல் வார்ப்பிரும்புப் பம்புகள் பொருத்தப்பட்டன. அவை மேனாடுகளில் ஒரு குடும்பத்தின் பயனுக்கென அமைந்த பம்புகளின் வழிவந்தவை. நம் கிராமங்களிலோ விடியற்காலை முதல் இரவு வரை ஊரே அவற்றை இயக்கிற்று. 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது, நான்கில் மூன்று பம்புகள் பழுதுற்றுக் கிடந்தன எனக் கண்டனர். கிணற்றில் நீர் இருந்தது. குடத்தில் நீர் இல்லை.

யுனிசெப் நிறுவனத்தாரும் இந்தியப் பொறியாளரும் இக்குறையைத் தீர்க்க முற்பட்டனர். புதிய பம்பு எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதை அவர்கள் முதலில் வரையறுத்தனர். பெண்களும் சிறுவரும் எளிதில் இயக்க வேண்டும், அடிக்கடி பழுதாகாமை வேண்டும், விலை மிகலாகாது, நம் நாட்டுப் பட்டறைகளிலேயே செய்ய இயல வேண்டும். இந்த அளவுகோல்களுக்கு மிக நெருங்கி வந்தது மகாராட்டிரத்தில் உருவான சோலாப்பூர் பம்பு. அதன் கைப்பிடி ஒரு சங்கிலியைக் கொண்டு தண்டை நேராகத் தூக்குகிறது. ஆகவே தேய்மானம் குறைவு. அதனைத் திருத்தியமைத்து, மாதிரிகளைக் கோயமுத்தூர் வட்டாரத்தின் ஆழமான கிணறுகளில் பொருத்தி ஆய்ந்தனர். அதுவே 'இந்தியா மார்க் 2' எனப் பெயர் பெற்று, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பரவிற்று.

அதிலும் ஒரு குறை தோன்றியது. கீழேயுள்ள வாரைப் பழுதுபார்க்கக் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். 1980களில் உருவான 'மார்க் 3' பம்பில் குழாயை அகலமாக்கி, உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் எடுக்க வழி செய்தனர். ஆனால் அகன்ற குழாய் கனமானது; விலையும் மிகுதி. எவ்வகையிலும் குறையற்ற வழி என்று ஒன்றில்லை. எக்குறையை நம் ஊரால் தாங்க இயலும் என்பதே ஆராய வேண்டியது.

நம் ஊரில் செய்யும் முறை

ஊருக்கும் பள்ளிக்கும் இடையே ஓர் ஓடை ஓடுகிறதெனக் கொள்வோம். 'பாலம் வேண்டும்' என்று எழுதினால் வழி அப்போதே குறுகிவிடும். 'மழைக்காலத்திலும் குழந்தைகள் அச்சமின்றிப் பள்ளி சேர வேண்டும்' என எழுதுவோம். இது கட்டாயத் தேவை. நெல் வண்டி எந்நாளும் கடப்பது விருப்பத் தேவை. வெள்ள நாளில் அது காத்திருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

அடுத்து வழிகளைத் தொகுப்போம். தரைப்பாலம், குழாய் பதித்த சிறுபாலம், கான்கிரீட்டுப் பலகை இட்ட பாலம், கரை குறுகிய வேறிடத்தில் கடத்தல், வண்டிக்குத் தரைப்பாலமும் நடப்போர்க்கு ஒடுங்கிய உயர்ந்த நடைபாலமும். தொகுக்கும்போது எதனையும் யாரும் பழிக்கலாகாது. நாள்தோறும் ஓடையைக் கடக்கும் பெண்களையும் ஆடு மேய்ப்போரையும் முதலில் பேசச் செய்தல் நலம்.

பின்னர்க் கட்டாயத் தேவை என்னும் சல்லடையில் இவற்றைச் சலிப்போம். தரைப்பாலம் வெள்ளத்தில் மூழ்கும்; தனித்து நின்றால் அது தேறாது. வேறிடத்துப் பாதை பிறர் பட்டா நிலத்தில் சென்று, உரியவரும் இசையாராயின் அதுவும் கழியும்.

எஞ்சியவற்றை ஒப்பிடுவோம். குழாய்ப் பாலத்தில் தழையும் கிளையும் அடைத்துக்கொள்ளும். மழைக்கு முன் ஆண்டுதோறும் துப்புரவு செய்ய ஆள் வேண்டும். பலகைப் பாலம் நீருக்கு அகன்ற வழி விடும், முதற்செலவு மிகுதி. நடைபாலமும் தரைப்பாலமும் சேர்ந்த வழியில் வண்டி காத்திருக்கும், குழந்தை காத்திராது. கட்டும் செலவோடு பேணும் செலவையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

இறுதியில் நிற்கும் இரண்டையும் ஓடைக் கரைக்கே எடுத்துச் செல்வோம். பெருவெள்ளத்தின்போது நீர் எதுவரை ஏறிற்று என்பதை முதியோரிடம் கேட்டு முளை அடிப்போம். நீரின் அளவையும் அடித்தளத்தின் உறுதியையும் ஒன்றியப் பொறியாளர் கணக்கிட்டுக் கூறட்டும். அதன்பின் முடிவு செய்வோம்.

தேர்ந்த வழியை மட்டுமன்றி, விலக்கிய வழிகளையும் விலக்கிய காரணங்களையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்தல் வேண்டும். நாளை வரும் மன்றத்தார்க்கு அது வழிகாட்டும். கிராம சபையில் வினா எழுந்தால் விடையும் ஆகும். இவ்வாறு ஆராய ஒரு கூட்டம் கூடுதலாகச் செலவாகலாம். பயனற்ற ஒரு பாலத்தை முப்பதாண்டு பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மிகச் சிறிய செலவே.