பழைய லென்ஸ் வாங்குமுன்: பூச்சையும் வடிவமைப்பையும் சோதிப்பது எப்படி?

பழைய மேனுவல் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது உள்ளே தூசி இருக்கிறதா என்று. நாலைந்து தூசி படத்தைக் கெடுப்பது அபூர்வம். கேட்க வேண்டியவை வேறு: வேண்டாத ஒளி இந்த லென்ஸுக்குள் அலைகிறதா? வேண்டிய ஒளி சரியான புள்ளியில் குவிகிறதா? முதலாவது பெரும்பாலும் பூச்சின், அதாவது கோட்டிங்கின் வேலை. இரண்டாவது வடிவமைப்பின் வேலை. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் எண்ணிப் பாருங்கள். பூச்சில்லாத கண்ணாடி, காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஒட்டிய கண்ணாடிகள் சேர்ந்து ஒரு குரூப், தனிக் கண்ணாடியும் ஒரு குரூப். ஒட்டியவற்றுக்கு நடுவே காற்று இல்லாததால், லென்ஸ் விவரக் குறிப்பில் உள்ள குரூப் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினால் பரப்புகள் எத்தனை என்று தெரியும். 1902இல் வந்த டெஸ்ஸார் லென்ஸுக்கு 3 குரூப், 6 பரப்பு. பூச்சே இல்லாவிட்டாலும் 78 சதவீத ஒளி கடந்துவிடும். 15 குரூப் உள்ள ஜூமில் 30 சதவீதம்கூடத் தேறாது. குறைந்த ஒளியை எக்ஸ்போஷரில் ஈடுகட்டலாம். ஆனால் கண்ணாடிகளுக்கிடையே முன்னும் பின்னும் எதிரொளித்து சென்சாரில் விழும் ஒளி, கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்; இதுதான் ஃப்ளேர். 1896இல் பிறந்த பிளானார் நல்ல வடிவமைப்புதான். 8 பரப்புகளின் ஃப்ளேரால் டெஸ்ஸாருக்குப் பின்னால் நின்றது. ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் பூச்சு முறையைக் கண்டபிறகே அந்தக் குடும்பத்துக்கு வாழ்வு வந்தது. இன்று மலிவாகக் கிடைக்கும் ஹீலியோஸ் 44 அந்த வம்சம்தான்.

அடுத்து, லென்ஸை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு பரப்பிலும் விளக்கின் பிம்பம் தெரியும். எல்லாம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் பூச்சு இல்லை. நீலம், ஊதா, வெளிர்மஞ்சள் என்றால் பெரும்பாலும் ஒற்றைப் பூச்சு. பச்சையும் செவ்வூதாவும் கலந்து மங்கலாகத் தெரிந்தால் பலபடலப் பூச்சு. பென்டாக்ஸ் 1971இல் தன் டாகுமார் லென்ஸ்களில் கொண்டுவந்தது அதைத்தான். நிறத்தை மட்டும் நம்பி விலை பேச வேண்டாம். பிம்பம் எவ்வளவு மங்கல் என்பதே நல்ல அளவுகோல்.

பிறகு அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். வலைபோல் கிளைத்திருந்தால் ஃபங்கஸ். நம் கடலோர ஊர்களின் ஈரத்தில் சகஜம். பனிப்புகை மாதிரி ஒரே சீராக மங்கல் என்றால் அது ஹேஸ். தூசியைவிட இது மோசம், காண்ட்ராஸ்டை முழுதாகத் தின்றுவிடும்.

இனி படம் எடுத்துப் பார்க்கலாம். ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். இருட்டறையில் ஒரு எல்இடி பல்பு, டிரைபாடில் கேமரா, மேனுவல் எக்ஸ்போஷர். பல்பை ஃபிரேமின் மூலையில் வைத்து ஒரு படம், ஃபிரேமுக்குச் சற்று வெளியே வைத்து இன்னொன்று. படம் முழுக்க வெளுத்தால் அது திரைபோல் பரவும் ஃப்ளேர். தனித்தனி நிறவட்டங்கள் வந்தால் கோஸ்ட். வெளியே வைத்த பல்பால் வந்த வெளுப்பை, லென்ஸ் மேல் கையை நிழலாகப் பிடித்துத் தடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஹூட் போதும். யூவி ஃபில்டரை மறுபடி மாட்டி அதே படத்தை எடுத்தால், அதைக் கழற்றிய காரணம் புரியும்.

வடிவமைப்பைச் சோதிக்க இரவில் தூரத்துத் தெருவிளக்குகள் போதும். முழுத்துளையில் ஒரு படம், எஃப் 5.6இல் ஒன்று. மூலையில் உள்ள விளக்குகள் சிறகு விரித்ததுபோல் இழுபட்டால் அது கோமா. துளையைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஓரங்களில் சிவப்பும் சியானும் பிரிந்து நின்றால் துளை குறைத்தும் போகாது, ஆனால் கணினியில் எளிதாகத் திருத்தலாம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் யாரோ கழற்றிச் சரியாகப் பூட்டாத லென்ஸாக இருக்கலாம். எந்தப் பூச்சும் இவற்றைத் தீர்க்காது.

ஃபங்கஸ் கண்ணாடியை அரித்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் மட்டும்தான் என்றால் அதைக் காட்டியே பேரம் பேசி வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு ஹூட் வாங்கிவிடலாம்.