மீனுக்கும் மோர் உண்டா?

வயிறு சரியில்லை என்றால் அம்மா நமக்கு மோர் கொடுப்பார். மோரில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் உள்ளன. பண்ணை மீன்களுக்கும் அத்தகைய பாக்டீரியாக்களைக் கொடுக்கிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பண்ணைக் குளத்தில் மீன்கள் நெருக்கமாக வளர்வதால் நோய் விரைவில் பரவுகிறது. அதற்கு அஞ்சி, தீவனத்தில் அடிக்கடி ஆன்டிபயாடிக் மருந்தைக் கலந்தால், அம்மருந்துக்கு மடியாத கிருமிகள் பெருகும். அவை நீர் வழியாக மனிதரையும் வந்தடையலாம். பிறகு நாம் நோயுற்றால் அதே மருந்து பயன்படாமற் போகும்!

ஆகவே, 'புரோபயாடிக்' எனப்படும் நல்ல நுண்ணுயிர்களைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். ஜப்பானில் கொசாசா என்பவர் 'பேசில்லஸ்' பாக்டீரியாவின் வித்துகளை மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1986-ல் தம் ஆய்வை வெளியிட்டார். இவ்வித்துகள் வெப்பத்தைத் தாங்குவதால் தீவனம் தயாரிக்கும்போதும் அழிவதில்லை. நல்ல நுண்ணுயிர்கள் மீனின் குடலில் இடம்பிடித்துத் தீய கிருமிகளைத் தடுக்கின்றன. உணவு செரிக்கவும் உதவுகின்றன.

ஆனால் தோழியரே, இது மந்திரமன்று. குளத்து நீர் கெட்டால் எந்த நுண்ணுயிரும் மீனைக் காப்பாற்றாது. தூய நீர், அளவான தீவனம், நெருக்கமில்லாத வளர்ப்பு ஆகிய மூன்றுமே முதல் மருந்து. மீனின் நலத்தில் நம் நலமும் அடங்கியுள்ளது அல்லவா?